நிக்கிறமா, போறமா?

2006 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஓர் இரவு, பேசாலைக்கு மேற்கே ஒரு கரையிலிருந்து 18 பேர் ஒரு பைபர் படகில் ஏறினோம். அம்மா, அம்மம்மா, தம்பி, நான். எனக்கு 13 வயது. சிறுவர்களையும் வயதானவர்களையும் நடுவில் இருத்தித் தலைக்கு மேல் ஒரு தறப்பாளை இழுத்து மூடினார்கள். அந்தத் தறப்பாளின் மணத்தை இதை வாசிக்கிறவர்களில் பலருக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை.

நடுவழியில் படகோட்டி இயந்திரத்தை நிறுத்தினார். தூரத்தில் வேறொரு இயந்திரத்தின் சத்தம் கேட்டதாம். காற்று விழுந்துபோன இரவு. கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. படகு ஆடவும் இல்லை. ஒருவரும் கதைக்கவில்லை. நெடுநேரம் கழித்து அம்மம்மாதான் மெல்லக் கேட்டார்: “நிக்கிறமா, போறமா?”

“நிக்கிறம் அம்மா, சத்தம் போடாம இருங்க” என்றார் படகோட்டி.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அப்படி இருந்தோம். பிறகு அவர் எழுந்து நின்றார். ராமேஸ்வரம் தொலைக்காட்சிக் கோபுரத்தின் சிவப்பு விளக்கைப் பார்த்தார், திரும்பித் தலைமன்னார்ப் பக்கத்து வெளிச்சத்தைப் பார்த்தார், வாய்க்குள் ஏதோ ஏசினார். நாங்கள் நிற்கவில்லை. நீரோட்டம் எங்களை வெகுதூரம் கொண்டுபோயிருந்தது. 18 பேரில் ஒருவருடைய உடம்புக்கும் அது தெரியவில்லை.

படகோட்டி அன்றைக்குப் பொய் சொல்லவில்லை என்பது எனக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் விளங்கியது. நான் படித்தது ஊடகக் கற்கை, பௌதிகவியல் அல்ல. ஆனால் அந்தக் கேள்வியின் மிச்சம் என்னோடு இருந்தபடியால் இதை எழுதுகிறேன்.

மண்டபம் முகாமிலிருந்து பள்ளிக்கூடம் போன நாட்களில் அறிவியல் பாடத்தில் ‘நிலைமம்’ என்ற சொல்லைப் படித்தேன். 2010 இல் மன்னாருக்குத் திரும்பி, என்னைவிட ஒரு வயது குறைந்த பிள்ளைகளோடு சாதாரண தரம் படிக்க உட்கார்ந்தபோது விஞ்ஞானப் புத்தகத்தில் அந்தச் சொல்லைக் காணவில்லை. அதற்குப் பதிலாகச் ‘சடத்துவம்’ இருந்தது. அங்கே ‘முடுக்கம்’ என்றது இங்கே ‘ஆர்முடுகல்’. இதில் ஆகப் பெரிய தொல்லை ‘வேகம்’ என்ற சொல். தமிழ்நாட்டுப் புத்தகத்தில் வேகம் என்றால் எவ்வளவு விரைவு என்பது மட்டும்; திசையும் சேர்ந்தால் ‘திசைவேகம்’. இலங்கைப் புத்தகத்தில் விரைவு மட்டும் என்றால் ‘கதி’. திசையும் சேர்ந்தால்தான் ‘வேகம்’. ஒரே சொல், பாக்கு நீரிணையின் இரண்டு பக்கமும் இரண்டு பொருள். முதல் தவணைப் பரீட்சையில் அதனால் புள்ளிகளை இழந்தேன். முகாம்களில் படித்துத் திரும்பிய பலர் இதே இடத்தில் தடுக்கி விழுந்திருப்பார்கள்.

சொல் எதுவானாலும் விடயம் ஒன்றுதான். ஒரு பொருள் தானாகத் தன் நிலையை மாற்றிக்கொள்ளாது. நிற்கிறதென்றால் நிற்கும். போகிறதென்றால் அதே திசையில், அதே விரைவில் போய்க்கொண்டேயிருக்கும். வெளியிலிருந்து ஒரு விசை வந்தால்தான் மாறும். நியூட்டன் 1687 இல் வெளியிட்ட நூலில் இதை முதலாவது விதியாக வைத்தார்.

இதில் முதற்பாதியை எவரும் ஒத்துக்கொள்வார்கள். இரண்டாம் பாதிதான் நம்பக் கஷ்டமானது. கடற்கரையில் வளர்ந்த பிள்ளைக்கு அது இன்னும் கஷ்டம். படகைக் கரையில் ஏற்றும்போது ஏலோ போட்டுத் தள்ளுகிறோம். தள்ளுவதை நிறுத்தினால் படகு அந்த இடத்திலேயே நிற்கிறது. ஆகவே தள்ளிக்கொண்டிருந்தால்தான் ஒரு பொருள் போகும் என்று நினைக்கிறோம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பெரிய பெரிய அறிஞர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

ஆனால் அதே படகைத் தண்ணீரில் பாருங்கள். கரை நெருங்கும்போது ஓட்டி முன்கூட்டியே இயந்திரத்தை நிறுத்தி, காற்றாடி மண்ணில் படாமல் அதைத் தூக்கிவிடுவார். தள்ளுவதற்கு எதுவுமில்லை. படகு வழுக்கிக்கொண்டு வந்து அணியத்தை மணலில் ஏற்றி நிற்கும். படகு அதேதான், மாறியது அடியில் இருப்பது மட்டும். மணலின் உராய்வு படகை உடனே நிறுத்துகிறது, தண்ணீர் மெதுவாக நிறுத்துகிறது. தடுப்பதற்கு எதுவுமே இல்லாவிட்டால் படகு நிற்கவே நிற்காது. நிற்பதற்குத்தான் காரணம் தேவை, போய்க்கொண்டிருப்பதற்கு அல்ல. இந்த ஒரு திருப்பத்தை ஏற்றுக்கொண்டால் மிச்சமெல்லாம் தானாக வரும்.

அன்றிரவு அதை நாங்கள் உடம்பால் படித்தோம். இழந்த தூரத்தைப் பிடிக்க ஓட்டி விரைவாக ஓட்டினார். விடிவதற்கு முன் படகு ஒரு மணல் திட்டில் ஏறியது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில், ஏறக்குறைய 30 கிலோமீற்றரில் வரிசையாகக் கிடக்கும் திட்டுகளில் ஒன்று. படகு நின்றது, நாங்கள் நிற்கவில்லை. 18 பேரும், சட்டி பானைகளும், தம்பியின் பாடசாலைப் பையும் முன்னோக்கிப் பறந்தோம். என் இடப் புருவத்தில் இருக்கிற தழும்பு அந்தப் படகின் குறுக்குப் பலகை தந்தது. “ஆரடி தள்ளினது?” என்று அம்மம்மா இருட்டுக்குள் கேட்டார்.

யாரும் தள்ளவில்லை. மணல் படகைப் பிடித்து நிறுத்தியது. எங்களைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. ஆகவே நாங்கள் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்த விரைவிலேயே தொடர்ந்து போனோம், குறுக்குப் பலகை வரும்வரை.

இதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். படகு மணிக்கு 15 கிலோமீற்றரில் போனது என்று வைத்துக்கொண்டால், அந்த விரைவில் ஒரு பலகையில் மோதுவது சுமார் 90 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். மேசைக்கு மேலிருந்து விழுகிற அளவு, தழும்போடு தப்பலாம். மணிக்கு 60 கிலோமீற்றரில் போகிற ஒரு வான் எதிலாவது மோதி நின்றால், வார் போடாத ஆளுக்கு அது 14 மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம், நாலு மாடி. விரைவு நாலு மடங்கானால் உயரம் பதினாறு மடங்காகிறது. மன்னாரிலிருந்து யாழ்ப்பாணம் போகும் வீதி திருத்தப்பட்ட பிறகு அதில் எவ்வளவு விரைவாகப் போகலாம் என்பது உங்களுக்குத் தெரியும். மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு “நான் இறுக்கிப் பிடிச்சிருக்கிறன்” என்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் புருவம் வலிக்கும். அந்தக் கணத்தில் குழந்தையின் எடை பல மடங்காகிவிட்டதுபோல இருக்கும். எந்தத் தாயின் கையும் தாங்காது.

சடத்துவம் என்ற சொல் அண்மையில் செய்திகளிலும் வந்தது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதுதான் தொடக்கம் என்றார்கள். பலரும் அதோடு சிரித்துவிட்டுப் போனோம். ஆனால் மின்சார சபை சொன்ன இன்னொரு காரணம் கவனிக்க வேண்டியது: அந்த நேரத்தில் மின்தொகுதியின் சடத்துவம் குறைவாக இருந்தது. நீர், அனல் மின்நிலையங்களில் சுழல்கிற பாரமான சுழலிகள் வலையமைப்போடு நேரடியாகக் கட்டப்பட்டவை. ஓரிடத்தில் கோளாறு வந்தால் அவை உடனே நிற்காமல் சுழன்று, சில வினாடிகள் தாக்குப்பிடிக்க உதவும். கூரைச் சூரியத் தகட்டில் சுழல்வதற்கு ஒன்றுமே இல்லை. வெயில் எறித்த, தேவை குறைந்த ஒரு ஞாயிறு அது. எங்கள் தீவின் தென்கரையில் நிற்கிற ‘தம்பபவனி’யின் 30 காற்றாலைகளைப் பார்க்கிறவர்கள், அவ்வளவு பெரிய இறக்கைகளுக்குச் சடத்துவம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் இந்த வகைக் காற்றாலைகள் மின்னணுச் சாதனங்கள் வழியாகத்தான் வலையமைப்போடு இணைகின்றன. இறக்கையின் உந்தம் நேரே அங்கு போய்ச் சேராது. மன்னார் மக்கள் புதிய காற்றாலைகளை ஏன் எதிர்க்கிறார்கள் என்பது வேறு கதை, அதைத் தனியாக எழுத வேண்டும்.

அம்மம்மாவின் முதற்கேள்விக்கு வருகிறேன். நிற்கிறோமா, போகிறோமா?

இத்தாலியரான கலிலியோ 1632 இல் வெளியிட்ட ஒரு நூலில் ஏறக்குறைய எங்கள் தறப்பாளைத்தான் விவரிக்கிறார். ஒரு பெரிய கப்பலின் அடித்தளத்தில், வெளியே எதுவும் தெரியாத அறைக்குள் நண்பரோடு இருங்கள் என்கிறார். சில வண்ணத்துப்பூச்சிகள், ஒரு பாத்திரத்தில் மீன்கள், மேலே தொங்கும் போத்தலிலிருந்து கீழேயிருக்கும் பாத்திரத்துக்குள் சொட்டும் தண்ணீர். கப்பல் நிற்கும்போது இவை எப்படி நடக்கின்றனவோ, கப்பல் ஒரே சீராக ஓடும்போதும் அப்படியேதான் நடக்கும். சொட்டு பின்னால் விழாது. பூச்சிகள் பின்சுவரில் போய் ஒட்டாது. அறைக்குள் இருந்தபடி நீங்கள் என்ன செய்து பார்த்தாலும் கப்பல் நிற்கிறதா ஓடுகிறதா என்று சொல்ல முடியாது.

காரணம் சடத்துவம்தான். கப்பலோடு சேர்ந்து பூச்சியும் தண்ணீரும் நீங்களும் ஏற்கெனவே அதே விரைவில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். அந்த விரைவைத் தக்கவைக்க யாரும் உங்களைத் தள்ள வேண்டியதில்லை. தள்ளு இல்லையென்றால் உடம்புக்கு உணர்வதற்கும் ஒன்றுமில்லை. உடம்புக்குத் தெரிவது மாற்றம் மட்டும்: புறப்படும்போது ஒரு இழுவை, திரும்பும்போது ஒரு சாய்வு, மணலில் ஏறும்போது ஒரு அடி. எங்கள் படகை நீரோட்டம் மெதுமெதுவாகத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அந்த மாற்றம் 18 பேரில் ஒருவருக்கும் உறைக்காத அளவு மெல்லியது.

ஆகவே “நிக்கிறம்” என்ற படகோட்டி உண்மையைத்தான் சொன்னார், தண்ணீரை வைத்துப் பார்த்தால். படகைச் சுற்றியிருந்த தண்ணீருக்கும் எங்களுக்கும் இடையில் எந்த அசைவும் இல்லை. அன்றைக்குப் படகுக்குப் பக்கத்தில் ஒரு தேங்காய் மட்டையைப் போட்டிருந்தால் அது விடியும்வரை பக்கத்திலேயே கிடந்திருக்கும். ஆனால் நிலத்தை வைத்துப் பார்த்தால் போய்க்கொண்டிருந்தோம். எதை அசையாததாக வைத்துக்கொண்டு அளக்கிறோமோ, அதைத்தான் பௌதிகவியலில் குறிப்புச் சட்டம் என்கிறார்கள். இங்கே சட்டம் என்பது படத்துக்குப் போடும் சட்டம்போல. நீதிமன்றச் சட்டம் அல்ல. ‘நிற்கிறது’, ‘போகிறது’ என்ற சொற்களுக்கு, எதை வைத்து என்று சொல்லாவிட்டால் பொருளே இல்லை.

எங்கள் கடலில் அந்த இரண்டு சட்டங்களும் ஒன்றாக வந்து சேர்கிற இடம் ஒன்று இருக்கிறது.

1974 ஆம் ஆண்டு உடன்படிக்கை பாக்கு நீரிணையிலும், 1976 ஆம் ஆண்டு உடன்படிக்கை மன்னார் வளைகுடாவிலும் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையிலான கடல் எல்லையை வரைந்தன. அந்த எல்லை அகலாங்கு, நெட்டாங்குகளால் குறிக்கப்பட்ட புள்ளிகளை இணைக்கும் கோடு. அதாவது அது நிலத்தின் சட்டத்தில் இருக்கிறது. தண்ணீர் அந்தக் கோட்டைக் கடந்து போய்க்கொண்டேயிருக்கிறது. வாடைக் காலத்தில் ஒரு பக்கம், சோளகக் காலத்தில் மறுபக்கம்.

இரவில் வலையை விட்டுவிட்டு அதோடு மிதக்கிற ஒரு சிறு படகை நினைத்துக்கொள்ளுங்கள். வலையும் படகும் ஒரே தண்ணீரில், ஒரே நீரோட்டத்தில். வலை படகை விட்டு விலகாது, படகு வலையை விட்டு விலகாது. சுற்றிலும் இருட்டு. பார்க்கிற எல்லாமே அசையாமல் இருக்கும். நீரோட்டம் மணிக்கு 2 கிலோமீற்றர் என்று கொண்டால், 5 மணித்தியாலம் கண்ணயர்ந்து எழும்பும்போது அந்தப் படகு 10 கிலோமீற்றர் போயிருக்கும். கோட்டுக்கு இந்தப் பக்கம் படுத்தவர் அந்தப் பக்கம் எழும்புவார். பிடிபட்டால் அவர் சொல்வார்: “நாங்க அசையவே இல்லை ஐயா.” அவர் சொல்வது தண்ணீரின் சட்டத்தில் முழு உண்மை. அவரைப் பிடித்தவர்களும் விசாரிப்பவர்களும் பேசுவது நிலத்தின் சட்டத்தில். இரண்டு பக்கமும் பொய் சொல்லாமலேயே ஒருவர் மாதக்கணக்கில் சிறையில் இருக்க முடியும்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் எங்கள் ஊர்க்காரர் என்னை விடமாட்டார்கள். மடியை அடியில் இழுத்துக்கொண்டு எங்கள் கரைவரை வருகிற இழுவைப் படகு, நீரோட்டம் கொண்டுவந்துவிட்டது என்று சொல்ல முடியாது. இழுவைமடி வேலை செய்வதே இயந்திரம் ஓடிக்கொண்டிருப்பதால்தான். இயந்திரம் நின்றால் மடி வாய் திறக்காது. அவர்கள் தண்ணீரையும் கிழித்துக்கொண்டு, நிலத்தையும் கடந்துகொண்டு வருகிறார்கள். இலங்கைச் சட்டம் 2017 இல் இழுவைமடியைத் தடைசெய்தது இரண்டு நாட்டுப் படகுக்கும் பொருந்தும். அறுந்த வலையோடு கரைக்கு வந்த எங்கள் ஆட்களின் கோபத்துக்குப் பௌதிகவியலில் பதில் இல்லை. ஆனால் இயந்திரம் பழுதாகி மிதந்துபோன ஒரு சின்னப் படகையும் அந்த இழுவைப் படகையும் ஒரே தராசில் போடும்போது எனக்கு 2006 ஆம் ஆண்டு இரவு நினைவுக்கு வருகிறது.

அப்படியென்றால் மிதக்கிறோம் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? தண்ணீரைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அது உங்களோடு வந்துகொண்டிருக்கிறது. தண்ணீரைச் சேராத ஏதாவது ஒன்று வேண்டும். பகலில் கரை தெரிகிற தூரம் என்றால் இரண்டு அடையாளங்களை ஒரு கோட்டில் பிடிப்பார்கள்: முன்னால் ஒரு பனை, பின்னால் கோயில் கோபுரம். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும்வரை நீங்கள் அந்தக் கோட்டில் இருக்கிறீர்கள். பனை ஒரு பக்கம் விலகத் தொடங்கினால் நீங்கள் விலகுகிறீர்கள். இரவில் எங்கள் ஓட்டி செய்ததும் இதுதான். அணியம் எங்கே பார்க்கிறது என்பதை அவர் நம்பவில்லை. நின்ற படகு தன்பாட்டில் சுற்றும். முன்னால் சிவப்பு விளக்கு, பின்னால் எங்கள் கரையின் வெளிச்சம், இரண்டுக்கும் நடுவில் தான். புறப்படும்போது அவை நேர் எதிரெதிராக இருந்தன. இப்போது இரண்டும் ஒரே பக்கமாக மடிந்திருந்தன. அந்தக் கோபுரம் 300 மீற்றருக்கு மேல் உயரம். ஒரு வானொலி, தொலைக்காட்சிக் கட்டுமானம் எத்தனை ஆயிரம் அகதிகளுக்கு வழிகாட்டியாக இருந்தது என்பதை அதைக் கட்டியவர்கள் நினைத்தே பார்த்திருக்கமாட்டார்கள்.

விளக்கைப் பிடித்து ஓட்டுவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. படகு தண்ணீரில் மணிக்கு 10 கிலோமீற்றர் போகிறது; நீரோட்டம் குறுக்கே மணிக்கு 3 கிலோமீற்றர். அணியத்தை விளக்குக்கு நேரே வைத்து ஒரு மணித்தியாலம் ஓட்டுங்கள். அணியம் எப்போதும் விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். ஆனால் நீங்கள் வளைந்து வளைந்து போயிருப்பீர்கள். நேரே போகவேண்டுமென்றால் நீரோட்டம் வருகிற பக்கத்துக்குக் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்க வேண்டும். பழைய ஓட்டிகள் இதை இருட்டிலேயே செய்தார்கள். இரண்டு வேகங்களைத் திசையோடு சேர்த்துக் கூட்டுவது என்று உயர்தரத்தில் பக்கம் பக்கமாகப் படிப்பிக்கிறார்கள்.

இப்போது ஜீபிஎஸ் இருக்கிறது. கையடக்கத் தொலைபேசியிலும் இருக்கிறது. செய்மதிகளைக் கொண்டு அது உங்கள் இடத்தை நிலத்தின் சட்டத்தில் சொல்கிறது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு அதன் வேகத்தைப் பாருங்கள், சுழியத்துக்கு வராது. உடம்புக்குத் தெரியாத அந்த எண்தான் 2006 இல் எங்களிடம் இல்லாதது.

நிலத்தின் சட்டமாவது உண்மையில் நிற்கிறதா? அதுவும் இல்லை. மன்னாரில் அசையாமல் உட்கார்ந்திருக்கிற நீங்கள், பூமி சுழல்வதால் மணிக்கு ஏறக்குறைய 1,650 கிலோமீற்றர் விரைவில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறீர்கள். பூமி சூரியனைச் சுற்றும் விரைவு மணிக்கு ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு மேல். கலிலியோவுக்கு 1,100 ஆண்டுகளுக்கு முன், கி.பி. 499 ஐ ஒட்டி எழுதிய ஆரியபட்டர் இதற்குச் சொன்ன உவமையும் படகுதான். படகில் முன்னோக்கிப் போகிறவருக்குக் கரையில் நிற்பவை பின்னோக்கிப் போவதுபோலத் தெரிகிறது. அதேபோல அசையாத நட்சத்திரங்கள் இலங்கையில் இருப்பவர்களுக்கு நேர் மேற்கே போவதாகத் தெரிகின்றன என்றார். பெருமைப்படுவதற்கு முன் ஒரு சின்னத் திருத்தம்: அவருடைய வானவியலில் ‘இலங்கை’ என்பது நிலநடுக்கோட்டில் உச்சயினிக்கு நேர் தெற்கே கற்பனையாக வைத்த ஒரு புள்ளி, எங்கள் தீவு அல்ல.

ஆனால் பூமியின் சுழற்சி முழுக்க மறைந்திருக்காது. நேர்கோட்டில் ஒரே சீராகப் போகிற கப்பலுக்குத்தான் கலிலியோவின் பேச்சு பொருந்தும். சுழல்வது என்றால் ஒவ்வொரு கணமும் திசை மாறுகிறது. மாற்றம் என்றால் அடையாளம் இருக்கும். பிரேக் போட்ட பஸ்ஸுக்குள் ஒரு பந்து யாரும் தொடாமலே முன்னால் உருளும் அல்லவா? அதேபோலச் சுழல்கிற பூமியின்மேல் நெடுந்தூரம் ஓடுகிற காற்று யாரும் தொடாமலே வளையும். வடக்கு அரைக்கோளத்தில் அது வலப்பக்கம் வளைகிறது. அமுக்கம் குறைந்த ஓரிடத்தை நோக்கிச் சுற்றிலுமிருந்து ஓடிவருகிற காற்று இப்படி விலகி விலகித்தான் புயலாகச் சுழலத் தொடங்குகிறது, மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்த்திசையில். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்து, பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு, தலைமன்னார்க் கரையையும் அடித்த புயல் அப்படிச் சுழன்றதுதான். 1914 முதல் இரண்டு கரைகளையும் இணைத்த கப்பல் தனுஷ்கோடிக்குப் போவது அத்தோடு நின்றது. பிறகு போர் வரும்வரை ராமேஸ்வரத்துக்குப் போனது.

இதிலிருந்து கடலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு கைமருந்து கிடைக்கிறது. பெருங்காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். எங்கள் பக்கத்துக் கடலில் புயலின் நடு ஏறக்குறைய உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். 19 ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்து நாட்டு வானிலையாளர் ஒருவர் இதை விதியாக எழுதிவைத்தார். வானொலி இல்லாத நேரத்திலும் இது வேலை செய்யும்.

போன சோளகம் முடிகிற நேரம், சித்தப்பாவோடு கடலுக்குப் போனேன். அவர் 1990 இலும் ஓடியவர், 2006 இலும் ஓடியவர். இரண்டு முறையும் திரும்பி வந்து இதே கடலில் வலை விடுகிறார். இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, தொலைபேசியை எடுத்து வேகம் பார்க்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவர் ஈயக்குண்டு கட்டிய தூண்டில் கயிறு ஒன்றை எடுத்துக் கடலுக்குள் விட்டார். குண்டு அடியில் தட்டியது. கயிறு முதலில் நெட்டுக்குத்தாக நின்றது. நான் கண்ணைத் தண்ணீரில் வைத்திருந்தேன். தண்ணீர் அசையவில்லை, படகு அசையவில்லை. கயிறு மட்டும் மெல்ல மெல்ல மேற்குப் பக்கம் சாய்ந்தது. குண்டு நிலத்தின் ஆள். அது விட்ட இடத்திலேயே கிடந்தது. நாங்கள்தான் கிழக்கே போய்க்கொண்டிருந்தோம்.

“போறம்” என்றார் சித்தப்பா, கயிற்றைப் பார்த்தபடி.

அம்மம்மா 2009 இல் மண்டபத்திலேயே போய்விட்டார். அவரைப் பற்றியும் எழுதப்போகிறேன் என்று சித்தப்பாவிடம் சொன்னேன். நங்கூரத்தைப் போட்டுக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். நங்கூரம் பிடித்தது, அவ்வளவு நேரமும் செத்ததுபோலக் கிடந்த தண்ணீர் அணியத்தின் இரண்டு பக்கமும் சலசலவென்று ஓடத் தொடங்கியது.

“எழுதுறதெண்டா ஒண்டு எழுது பிள்ளை. இப்பத்தய பொடியன்கள் நங்கூரக் கயிறைக் கட்டையா வச்சிருக்கிறாங்கள். ஆழம் எவ்வளவோ அதைப்போல நாலஞ்சு மடங்கு வேணும். கட்டையா இருந்தா நங்கூரம் மண்ணில பிடிக்காது, இழுபட்டுக்கொண்டே வரும். போட்டவன் நிக்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டு படுப்பான்.”